முதல் வெற்றிலை

"முதல் வெற்றிலை எனக்கில்லை எண்டால் நாங்கள் வெளிக்கிடுறம்!"

மாப்பிள்ளை கிருசாந்தனின் பெரியப்பா ஐயாத்துரை சொன்னதோடு நில்லாமல், கதிரையை விட்டு எழும்பியும் விட்டார். கலியாணத்துக்கு நாள் குறிக்க வவுனியாவிலிருந்து விசுவமடுவுக்கு வந்திருந்த மற்றவர்கள் ஆளையாள் பார்த்தார்கள். வெற்றிலைத் தட்டு நடுவில் கேட்பாரற்றுக் கிடந்தது.

"வெளிக்கிடுங்கோவன், ஆர் மறிச்சது?" என்றார் ஜெகதீஸ்வரி. பெண்ணின் மாமி, அப்பாவின் தங்கை. "இந்தச் சம்பந்தத்தைக் கண்டுபிடிச்சது நான். வெற்றிலை மட்டும் உங்களுக்கோ?"

இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வழக்கம்தான். நாள் குறிக்கும்போது, சம்பந்தத்தைக் கொண்டுவந்தவருக்கே முதல் வெற்றிலை. அதை விட்டுக்கொடுக்க இரண்டு பேருக்கும் மனமில்லை.

மணப்பெண் தாட்சாயினி கதவு நிலையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வெற்றிலையில் கலியாணமே நின்றுவிடும் போலிருந்தது. கொழும்பில் நீதிபதிகளுக்கு முன்னால் நிற்கும்போதுகூட அவளுக்கு இப்படி வியர்த்ததில்லை.

அவள் சட்டத்தரணி. அதுவும் பேட்டன்ற் வழக்குகள் மட்டும்தான். ஒரு பொருளை யார் முதலில் கண்டுபிடித்தது, யாருக்கு அதில் உரிமை என்ற சண்டை கீழ் நீதிமன்றத்தில் முடிந்து, மேன்முறையீட்டுக்குப் போகும்போதுதான் அவளுக்கு வேலை தொடங்கும். சாட்சியும் இல்லை, குறுக்கு விசாரணையும் இல்லை. வழக்குக் கோப்புகளைக் கட்டுக்கட்டாகப் படித்துவிட்டுப் போய், நீதிபதிகள் மடக்குகிற கேள்விகளுக்கு நின்ற நிலையில் பதில் சொல்ல வேண்டும். காணி வழக்குப் பேசாத பிள்ளை என்ன லோயர் என்று ஊரில் பலருக்கு மனக்குறை. அவளுக்கோ அந்த வேலை என்றால் உயிர்.

"ஏன் பெரியப்பா கோவிக்கிறியள்?" கிருசாந்தன் மெல்ல வாயைத் திறந்தான். பல்கலைக்கழக விரிவுரையாளன். வந்ததிலிருந்து நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆர் முதல் கண்டுபிடிச்சதெண்டு பாக்கிறதுதானே அவவின்ர தொழில்? அவவே தீர்ப்புச் சொல்லட்டும்."

ஐயாத்துரை திரும்பவும் கதிரையில் இருந்தார். "சரி, அப்புக்காத்துப் பிள்ளையே கேக்கட்டும். போன ஆவணியில இஞ்ச ஒரு கலியாண வீடு. முழங்கால் நோ, நான் வரேல்லை எண்டனான். இவன் கிருசாந்தன்தான் விடாப்பிடியாய்க் கூட்டிக்கொண்டு வந்தவன். பந்தியில எனக்குப் பாயாசம் போட்டது இந்தப் பிள்ளை. கண்ட உடன முடிவெடுத்திட்டன், இவதான் எங்கட மருமகள் எண்டு!"

"ஆவணியோ? நான் ஆடியிலயே கண்டாச்சு!" ஜெகதீஸ்வரி துள்ளினார். "அந்தக் கலியாணத்துக்குச் சேலை எடுக்க வவுனியாவுக்குப் போவம் மாமி எண்டு தாட்சாதான் இழுத்துக்கொண்டு போனவள். கிளிநொச்சியில இல்லாத சேலையோ எண்டு பேசிப் பேசித்தான் போனனான். கடை வாசலில கால் வழுக்கிப்போச்சு. ஓடிவந்து பிடிச்சது இந்தத் தம்பிதான். அப்பவே நினைச்சிட்டன்."

"நீங்கள் வழுக்கினதையெல்லாம் கண்டுபிடிப்பெண்டு சொல்லாதேங்கோ!"

"பாயாசம் குடிச்சது மட்டும் கண்டுபிடிப்போ?"

கிருசாந்தன் இருமினான். சிரிப்பை அடக்கின இருமல்.

"என்ன இருந்தாலும்," என்றார் ஜெகதீஸ்வரி, "இந்தக் காலத்துப் பிள்ளையள் மாதிரி எங்கட பிள்ளையள் தாங்களே ஆளைப் பாத்திட்டு வந்து நிக்கேல்லை. நாங்கள் பாத்துத்தான் செய்யிறம்."

"அது உண்மை," என்றார் ஐயாத்துரை. அன்றைக்கு அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான். "சொல்லு பிள்ளை, உங்கட சட்டம் என்ன சொல்லுது?"

"கண்டுபிடிச்சவைக்குத்தான் உரிமை. ஆனால் கண்டுபிடிச்சது புதுசாய் இருக்கவேணும்," என்று தொடங்கினாள் தாட்சாயினி. "போன வருசம் ஒரு கொம்பனி, கச்சான் கடலைக் கோது உடைக்கிற மெசினைத் தாங்கள்தான் கண்டுபிடிச்சதெண்டு நிண்டது. கீழ்க் கோர்ட்டில வெண்டும் போட்டினம். அந்த மெசின் முன்னமே சனத்தின்ர புழக்கத்தில இருந்ததெண்டு நான் மேல் கோர்ட்டில காட்டினன். அதோட அவையின்ர உரிமை போச்சு. புழக்கத்தில இருந்த ஒண்டை ஒருத்தரும் கண்டுபிடிச்சதெண்டு சொல்லேலாது."

வழக்கைப் பற்றிப் பேசப் பேச அவள் முகம் மலர்ந்தது. பயம் போன இடம் தெரியவில்லை.

"கச்சானை விடு. எங்களில ஆருக்கு உரிமை?" என்றார் ஜெகதீஸ்வரி.

"இரண்டு பேரும் சொல்லுறது உண்மைதான் மாமி. அதுதான் சிக்கல். தேத்தண்ணி குடிச்சிட்டுத் தீர்ப்பு." அவள் குசினிக்குள் நழுவினாள்.

தேநீர்க் கோப்பைகளோடு அவள் வந்ததும், கதைத்துக் களைத்திருந்த ஐயாத்துரை கைக்கு எட்டியதை எடுத்து ஒரு மிடறு குடித்தார். முகம் கோணிற்று.

"என்ன பிள்ளை, சீனி போட மறந்திட்டியோ?"

"ஐயோ, அது கிருசாவின்ர! சீனி போட்டால் அவர் வாயிலயும் வைக்கமாட்டார்!"

சொல்லி முடித்த பிறகுதான் தாட்சாயினி நாக்கைக் கடித்துக்கொண்டாள். கிருசாந்தன் மறுபடியும் நிலத்தைப் பார்த்தான்.

ஐயாத்துரை கோப்பையைப் பார்த்தார். தன்னை இழுத்துக்கொண்டு வந்த பெறாமகனைப் பார்த்தார். பிறகு வெற்றிலைத் தட்டைத் தூக்கித் தாட்சாயினியிடம் நீட்டினார்.

ஜெகதீஸ்வரிக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது.

"குடுங்கோ அண்ணை, குடுங்கோ. எங்கட இரண்டு பேற்ற வழக்கும் தள்ளுபடி. இது எப்பவோ புழக்கத்தில இருந்திருக்கு!"