பாதரின் மூக்குக் கிளிப்

"இஞ்சேருங்கோ, உந்த மனுசன் இண்டைக்கும் மூக்கிலை கிளிப்போட நிக்குது."

குசினி ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தபடி சொன்னாள் ரதிதேவி.

உடுப்புக் காயப்போடுகிற மரக் கிளிப்தான். அதை மூக்கில் மாட்டிக்கொண்டு, நீள அங்கியோடு ரோசாச் செடிகளுக்கு நடுவே உலாவிக்கொண்டிருந்தார் பாதர் தோர்ன்பரி. மவுண்ட் ஆல்பர்ட்டில் பாதிரிமாருக்குப் படிப்பிக்கிற கல்லூரியின் அதிபர். இங்கிலாந்துக்காரர். தன் கோழிகளுக்கு பிஷப்மாரின் பெயரை வைத்து, முட்டையிடாத நாளில் பெயர் சொல்லித் திட்டுகிறவர். மழை பெய்தால் சைக்கிள் சீட்டுக்குக் குடை பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி நடந்து வருவார். அவருடைய நியாயம் அவருக்கு.

ரதிதேவியின் கணவர் கதிர்காமநாதன் அங்கே கெயார்டேக்கர். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு ஊரை விட்டு வெளிநாடு வந்த குடும்பம். வேலையோடு சேர்த்துக் கிடைத்ததுதான் தோட்டத்து ஓரத்துச் சின்ன வீடு.

"அந்தாள் ஒரு அரைப் பைத்தியம். நீர் அதை விடும்."

"பைத்தியமோ? சனிக்கிழமை நான் தூளுக்கு மிளகாய் வறுத்தனான். திங்கக்கிழமை மூக்கிலை கிளிப். எங்கட கறி மணக்குதாம், சொல்லாமல் சொல்லுறார்."

மிளகாய் வறுத்த அன்று மாணவர்கள் ஜெபத்தைப் பாதியில் விட்டு, இருமிக்கொண்டு வெளியே ஓடிவந்தது உண்மைதானே.

"சாமிக்குப் பூப் பறியுங்கோ எண்டு பெரிசாச் சொன்னவர். பிறகு ஒவ்வொரு ரோசாவுக்குள்ளையும் மூக்கை விட்டு மோந்து பாத்தவர். மோந்த பூவைச் சாமிக்கு வைக்கலாமோ? நான் வெறுங்கையோட கும்பிடுறன், ஏதும் சொன்னனானே? அந்த மூக்குக்கு என்ர கறி மட்டும் ஆகாதாம்."

அன்றிலிருந்து குசினி ஜன்னல் இறுக்கிப் பூட்டு. தாளிப்பு இல்லை, பொரியல் இல்லை. வெள்ளிக்கிழமை சோற்றோடு வெறும் அவித்த கரட் வந்ததும் கதிர்காமநாதனுக்கே கண் கலங்கியது.

"ஏவன்டேலிலை வாடகைக்கு ஒரு வீடு பாப்பம்," என்றாள் ரதிதேவி.

"வேலையை விட்டிட்டோ? எனக்கு வேற வேலை ஆர் தருவினம்?"

"மூக்கைப் பொத்துறவரின்ர வீட்டிலை இருந்து என்ன சாப்பாடு வேண்டிக்கிடக்கு? நீங்கள் கேக்கிறியளோ, நான் கேக்கட்டோ?"

அவள் கேட்டால் வீடு அன்றைக்கே போய்விடும். கதிர்காமநாதன் எழும்பிப் போனார். ரதிதேவியும் பின்னாலேயே போனாள்.

"குட் ஆஃப்டர்நூன், நாதன்," என்றார் பாதர். பாதி வார்த்தை கிளிப்புக்குள் சிக்கிக்கொண்டது.

கதிர்காமநாதன் ஆங்கிலத்தில் தடுமாறித் தடுமாறிச் சொன்னார். "பாதர், நாங்கள் போறம். எங்கட சமையல் மணம் பிடிக்கேல்லை எண்டால் நீங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம்."

பாதர் திகைத்துப்போய்க் கிளிப்பைக் கழற்றினார். மூக்கு அவருடைய பிஷப் கோழியின் கொண்டைபோலச் சிவந்திருந்தது.

"சமையலா? ஒருவர் மோந்த பூவை உங்கள் கடவுளுக்கு வைப்பதில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள், குழாய் திருத்தும்போது?"

கதிர்காமநாதன் நாக்கைக் கடித்துக்கொண்டார். பேச்சோடு பேச்சாகச் சொன்னது. அன்றே மறந்தும் போனார்.

"ரோசாவைக் கண்டால் என் மூக்கு என் சொல்லைக் கேட்காது. சின்ன வயதுப் பழக்கம். அதற்குத்தான் இந்தக் கிளிப். திங்கட்கிழமையிலிருந்து ஒரு பூவைக்கூட நான் மோக்கவில்லை. உங்கள் மனைவி ஏன் இன்னும் பறிக்க வரவில்லை என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்."

ரதிதேவிக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பாதர் பூட்டிக் கிடந்த குசினி ஜன்னலை ஏக்கத்தோடு பார்த்தார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு அவளைக் கேட்டார்.

"தினமும் அந்த ஜன்னலடிக்கு வந்துதான் கிளிப்பைக் கழற்றுவேன், அம்மா. பூவைத்தானே மோக்கக் கூடாது? கறியையுமா?"