பெருநாள் மைதானத்தில் இரண்டு கோடுகள்

கீழ் வாசலால் வந்த சனம் ஒரு பக்கம் பார்த்து நிற்கிறது. மேல் வாசலால் வந்த சனம் இன்னொரு பக்கம் பார்த்து நிற்கிறது. ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகைக்கு இன்னும் பத்தே நிமிஷம்.

அவர்கள் வரிசை பிடித்த இரண்டு சுண்ணாம்புக் கோட்டையும் போட்ட புண்ணியவான் ரிஸ்கான்தான்.

அக்குறணையில் ஒரு ஸ்கூலில் அவன் விளையாட்டு ஸேர். பேஸ்போல் பழக்குகிறான். நாளைக்குக் கண்டிப் பையன்களோடு முதல் மேட்ச். பெருநாளன்று ஒருத்தனும் சுண்ணாம்பு வாளியைத் தொடமாட்டான் என்று நேற்றுப் பகலே கோடு போட்டு முடித்துவிட்டான். பெரிய கெட்டிக்காரன்!

அந்தியில் மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஒலிபெருக்கி சொன்னது: பள்ளிவாசலில் மேல்மாடி வேலை நடக்கிறது, தொழுகை இம்முறை மைதானத்தில். அப்போதுகூட அவனுக்குக் கோட்டின் ஞாபகம் வரவில்லை.

பேஸ்போல் கோடு எப்படிப் போகும் தெரியுமா? ஒரு மூலையில் ஹோம் பிளேட், பந்தை அடிக்கிறவன் நிற்கிற இடம். அங்கேயிருந்து வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. அகல விரித்த கத்தரிக்கோல் மாதிரி இரண்டும் மைதானத்து விளிம்பு வரை ஓடும். வலது கோட்டில் தொண்ணூறு அடி தள்ளி முதலாம் பேஸ். இடது கோட்டில் அதே தொண்ணூறு அடியில் மூன்றாம் பேஸ். ஹோமுக்கு நேர் எதிரே, தூரத்தில், ரெண்டாம் பேஸ்.

திடலில் தொழுதால் வரிசைக்கு வெள்ளைக் கோடு போடுவது ஊர் வழக்கம். விடியற்காலையில் வந்த பள்ளிவாசல் ஆட்கள் கோட்டைப் பார்த்தார்கள். மற்றவன் போட்டிருப்பான் என்று ஒவ்வொருத்தரும் நினைத்துக்கொண்டு, மைக் பூட்டுகிற வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

பனிமூட்டம் வேறு. மலையும் தெரியவில்லை, மினாராவும் தெரியவில்லை. முதலில் வந்தவர் கோட்டில் முஸல்லாவை, தொழுகை விரிப்பை, விரித்தார். பின்னால் வந்தவர் முன்னால் வந்தவரைப் பார்த்து விரித்தார்.

இப்போது முந்நூறு பேர் இந்தக் கோட்டில், முந்நூறு பேர் அந்தக் கோட்டில். புதுச் சட்டையும் அத்தர் வாசமுமாக ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ரிஸ்கான் போனை எடுத்து, தொழ வேண்டிய திசையான கிப்லாவைப் பார்த்தான். முதலாம் பேஸ்காரர்கள் சரி, அல்லாஹ் காப்பாற்றினான். மூன்றாம் பேஸ்காரர்கள் மக்காவுக்குத் தோளைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

ஓடிப்போய் இரண்டு பேரிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். கோடு போட்டிருக்கே தம்பி என்று அவனுக்கே கோட்டைக் காட்டினார்கள்.

அப்போதுதான் ஹலீம் ஹாஜியார் வெள்ளை ஜுப்பாவோடு மைக்கை நோக்கி நடப்பதைக் கண்டான். போச்சு. எல்லாம் போச்சு.

மைதானம் பள்ளிவாசல் காணி, ஹாஜியார் பள்ளிவாசல் தலைவர். மூன்று மாதத்துக்கு முன் அனுமதி கேட்டுப் போனபோது அவர் சொன்னது ரிஸ்கானின் காதில் இன்னும் கிடக்கிறது.

“நம்மட எல்லே விளையாட்டு இருக்கக்குள்ள இதென்ன புதுக் கூத்து ஸேர்? ஒரு கரைச்சல் வந்திச்சோ, அண்டைக்கே பந்தையும் கட்டையையும் மூட்டை கட்டிரணும்.”

அன்றைக்குப் பிறகு அவர் மைதானத்துப் பக்கம் ஒரு நாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. தெருவில் ஸலாம் சொன்னால் பதில் வரும், அவ்வளவுதான்.

பெருநாள் தொழுகையையே குறுக்கால் திருப்பிவிட்டதைவிடப் பெரிய கரைச்சல் வேறென்ன? பையன்கள் பதினாறு பேர், பாவங்கள், ராத்திரி கையுறையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருப்பான்கள். அவன்களுடைய முகத்தை எப்படிப் பார்ப்பது?

ஹாஜியார் மைக்கைத் தட்டினார். இந்தக் கோணலைப் போட்டது யார் என்று கேட்கப்போகிறார். ரிஸ்கான் கையைத் தூக்கத் தயாராகிவிட்டான்.

“மூணாம் பேஸ் கோட்டுல நிக்கிற ஆக்கள் எல்லாரும் இங்கால வந்து, முதலாம் பேஸ் கோட்டுக்கு நேரா வரிசை புடிங்க.”

சனம் அசையவில்லை. மூணாம் பேஸ் என்றால் என்னவென்று ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாதே!

ஆனால் கூட்டத்துக்குள் அங்கொருவனும் இங்கொருவனுமாக நின்ற பதினாறு பேருக்குத் தெரியும். அவன்கள் ஆளுக்கொரு பக்கம் பாய்ந்தான்கள். வாப்பாவின் கையைப் பிடித்து இழுத்தான் ஒருவன். மாமாவின் முஸல்லாவைச் சுருட்டிக்கொண்டே ஓடினான் இன்னொருவன். மூன்றாம் பேஸ் முழுக்கச் சிரித்துக்கொண்டு முதலாம் பேஸுக்கு வந்தது. சுண்ணாம்புக் கோடு அறுநூறு பேர் காலில் மிதிபட்டுப் போனது. போகட்டும், நாளைக்குப் போடலாம்.

எல்லாரும் நேராகி, மைதானம் அமைதியானது. ஹாஜியார் மைக்கை விடவில்லை. கண்ணைச் சுருக்கி முன்வரிசையைப் பார்த்தார்.

“ஷோர்ட்ஸ்டொப்புல நிக்கிற பச்ச சேர்ட் தம்பி, ரெண்டடி பின்னுக்கு.”

ரிஸ்கான் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். தொழுகை நேரத்தில் சிரிப்பு வந்து தொலைத்தது, கண்ணும் நிறைந்தது.

முதலாம் பேஸையும் மூணாம் பேஸையும் யாரிடமாவது கேட்டு அறியலாம். ஷோர்ட்ஸ்டொப்புக்கு மைதானத்தில் கோடும் கிடையாது, அடையாளமும் கிடையாது. ரெண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில், வெறும் புல்லில், ஒரு பையன் நிற்பான். அதுவும் ஆட்டம் நடக்கும்போது மட்டும்.

மூன்று மாதமாக, ஒரு பின்னேரம் விடாமல், எங்கேயோ ஒளிந்து நின்று பார்த்திருக்கிறார் மனுஷன்.