பாலனுக்குச் சளி பிடிக்குமாம்

மாடு தின்றுகொண்டிருந்தது.

அவள் அம்மாவின் பதினெட்டு செபமாலைகளை.

குடையை மறந்து விட்டுப் போய்த் திரும்பி வந்தவள், டீச்சர் வீட்டுக் கொல்லையில் அப்படியே நின்றாள்.

மாட்டின் வாயோரம் வெளுத்த ஊதா நூல் தொங்கியது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரமான திருவருகைக் காலம் தொடங்கியதும் பங்குக் கோயிலிலிருந்து ஒரு மரத்தொட்டில் வீடு வீடாகப் போகும். வெறும் தொட்டில். ஒரு செபமாலை சொன்னால் ஒரு வைக்கோல். வீட்டுக்கு ஒரு கட்டு, ஊதா நூல் சுற்றி உள்ளே வைக்க வேண்டும். கிறிஸ்துமஸ் அன்று பாலன் இயேசு அதன்மேல் படுப்பார்.

அம்மா கான்வென்ட் சமையலறைக்குக் கிளம்பும் முன் முழங்காலில் நிற்பாள். காய்ச்சல் அடித்த அன்றும் நின்றாள்.

பாலன் முதுகில் நம் வைக்கோல் ஒன்றாவது பட வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்பது.

மகளுக்கு ஒரு வேலைகூடக் கேட்கவில்லை.

கோயில் தெரு முடிந்து, கீழத்தெருவில் ஐந்து வீடு. ஐந்து கட்டு. எல்லாம் முடிந்து, கடைசி வீடாக இங்கே. பெனடிக்டா டீச்சர்தான் அன்பியம் என்கிற தெருச் செபக்குழுவின் தலைவி. இங்கிருந்து தொட்டில் நேராகக் கோயிலுக்கு.

அவள் அதை இறக்கி வைத்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

தொட்டில் டீச்சரின் இடுப்பில் இருந்தது. கோயில் தெருக் கட்டுகள் அதற்குள் பத்திரமாக இருந்தன.

கீழத்தெருக் கட்டுகள் தரையில். சாணிக்குப் பக்கத்தில்.

டீச்சர் அவளைப் பார்த்தார். முகம் மாறவே இல்லை.

"ஈரமா இருந்துச்சும்மா. பாலனுக்குச் சளி பிடிச்சுக்கும்ல?"

அம்மா மூன்று நாள் வெயிலில் காயப்போட்ட வைக்கோல் அது.

"மாட்டுக்குப் பிடிக்காதா டீச்சர்?"

டீச்சர் சிரித்தார். படித்த பிள்ளை விளையாடுகிறது என்று நினைத்துக்கொண்டார் போல.

எம்.ஏ. சமூகவியல். இதற்குப் புத்தகத்தில் என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியும்.

பெயர் தெரிந்து என்ன.

உள்ளே கூடத்தில் மூன்று மெழுகுதிரிகள் எரிந்தன. இரண்டு ஊதா, ஒன்று ரோஜா நிறம். திருவருகையின் மூன்றாவது வாரம், மகிழ்ச்சியின் வாரம். இதே கூடத்தில்தான் சின்ன வயதில் டீச்சர் அவளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார். பாலன் பிறக்க உள்ளத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று. அன்றும் அவள் தரையில்தான் உட்கார்ந்திருந்தாள். பாய் மற்றப் பிள்ளைகளுக்கு.

அருவருப்பாக இருந்தது. சாணியால் அல்ல.

குனிந்தாள். நாலு கட்டையும் பொறுக்கினாள். மாட்டின் வாயிலிருந்து ஐந்தாவதைப் பிடுங்கினாள். எச்சில் கையில் வழிந்தது. பரவாயில்லை. மாடு சாதி பார்த்துத் தின்னவில்லை.

குடையை எடுக்கவில்லை.

வீட்டில் அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். மகளின் துப்பட்டா மடியைப் பார்த்தாள். எப்படி, எங்கே என்று கேட்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

"பாதிதான்டி இருக்கு."

"மாடு தின்னுடுச்சும்மா."

"போன வருசம் குப்பையில போட்டாங்க. முழுசாக் கெடச்சுது."

அவளுக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை.

பிறகு நூலைப் பார்த்தாள். மற்ற நாலு கட்டிலும் பளிச்சென்ற ஊதா. அம்மாவுடையது வெளுத்து, சாம்பல் நிறமாகியிருந்தது. வைக்கோலும் அப்படித்தான். பழசு. தொட்டால் நொறுங்கியது.

ஐந்து வருடம் ஹாஸ்டலில் இருந்தவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"எத்தன வருசமாம்மா?"

"போய்ச் சேரலல்ல. அதான் வருசா வருசம் அதையே வெச்சுச் செபிச்சுக் குடுக்கறேன்."

சொல்லிவிட்டு அம்மா ஒரு பழைய பால்மாவு டப்பாவைத் திறந்தாள். அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்க.

அவளுக்கு அம்மா மேலும் அருவருப்பு வந்தது. வந்த வேகத்தில் தன் மேலும்.

டப்பாவை வாங்கி ஓரமாக வைத்தாள். தரையில் உட்கார்ந்தாள். ஒரு கட்டை எடுத்து நூலைப் பிரித்தாள். அடுத்ததையும்.

"ஏன்டி அவுக்கற? எது யாரோடதுன்னு தெரியாமப் போயிடும்."

"கோயில்ல பெரிய குடிலுக்கு வைக்கோல் பத்தலன்னு ஃபாதர் சொன்னாருல்ல? அதுல கலந்துடலாம்."



அடுப்பு அணைந்து புகைந்தது. அம்மா அதைக் கவனிக்கவில்லை.

மகளின் அருகில் வந்து உட்கார்ந்தாள். தன் கட்டை எடுத்தாள். பழைய முடிச்சு. இறுகிப்போயிருந்தது.

பல்லால் கடித்தாள்.