செத்தவள் பங்கு

“மகளா? மக செத்துட்டா.”

சமுத்திரம் சொன்னதும் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்த விஜியின் விரல்கள் நின்றன. “ஐயோ, தெரியாமக் கேட்டுட்டேன் அண்ணாச்சி” என்றாள்.

பக்கத்து ஸ்டூலில் இருந்த செல்லத்தாய் புருஷனை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். போன மாதம் ராஜபாளையத்து மில்லில் புருஷனுக்கு நெஞ்சுவலி வந்ததிலிருந்து, பி.எஃப். பணத்துக்கு நாமினி போடச்சொல்லி மகன் விக்னேஸ்வரன் ஒரே நச்சரிப்பு. அதற்காகத்தான் சுந்தரபாண்டியத்திலிருந்து கிளம்பி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்தக் கம்ப்யூட்டர் கடைக்கு மூவரும் வந்திருந்தார்கள்.

வெங்கடேஸ்வரி ஒன்றும் சாகவில்லை. வேற்றுச் சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனாள், அவ்வளவுதான். அதற்கு ஊர் முக்கில் ‘கண்ணீர் அஞ்சலி’ என்று பிளக்ஸ் வைத்தார் பெற்ற தகப்பன்! மொட்டையும் போட்டுக்கொண்டார். தங்கச்சியைத் தேடி அரிவாளோடு திருப்பூர், கோயம்புத்தூர் என்று அலைந்த விக்னேஸ்வரன்கூட, அந்த பிளக்ஸைப் பார்த்ததும் அரிவாளை வைத்துவிட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தான்.

அவன் கோபமே அடங்கிவிட்டது, இந்த மனுசனுக்கு அடங்கவில்லையே! மகள் பேரை அந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. அழுவதென்றால்கூடக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழவேண்டும். எங்கே போவாள் செல்லத்தாய்?

“அம்மா பேரும் எம் பேரும் போதும். சட்டுனு முடிங்க” என்றான் பின்னால் நின்ற விக்னேஸ்வரன்.

“அவளுக்கும் ஒரு பங்கு...” என்று செல்லத்தாய் வாயெடுத்தாள். கண் முட்டிக்கொண்டு வந்தது.

சமுத்திரம் அவளை முறைத்தார். மகன் பக்கம் திரும்பினார். “ஏலே, உங்கம்மாவுக்குக் கிறுகிறுன்னு வருது போல. எதையாச்சும் உளறுதா. ஓடிப்போயி ஒரு எளநி வாங்கிட்டு வா.”

தனக்கு எப்போது கிறுகிறுத்தது என்று அவளுக்கே தெரியவில்லை. மகன் முனகிக்கொண்டே படியிறங்கினான்.

அவன் தலை மறைந்ததுதான் தாமதம், சமுத்திரம் நாற்காலியை முன்னால் இழுத்தார். குரலைத் தாழ்த்தினார்.

“ஏம்மா, சீக்கிரம் இன்னொரு பேரு சேத்துக்கோ. வெங்கடேஸ்வரி, மக. ஆதார் நம்பரு நான் சொல்லுதேன், அடி.” எதையும் பார்க்காமல் கடகடவென்று ஒப்பித்தார். “அவன் கேட்டா ரெண்டு பேருதான்னு சொல்லிரு தாயி. ஒனக்குப் புண்ணியமாப் போகும்.”

விஜி திகைத்துப்போய்த் தட்டினாள். “போட்டோ வேணுமே அண்ணாச்சி?”

செல்போன் உறைக்குள்ளிருந்து ஒரு சின்னப் படத்தை உருவி நீட்டினார். கழுத்தில் தாலியும் சற்றே பூசின கன்னமுமாக வெங்கடேஸ்வரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

செல்லத்தாய் அந்தப் படத்தைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். “அடப்பாவி மனுசா! பொறவு எதுக்கு அந்த பிளக்ஸ வச்சீக?”

வாசலைப் பார்த்தபடியே அவர் சொன்னார்:

“செத்தவள எவன்டி தேடுவான்?”