ஒரு எழுத்துகூட விடவில்லை

"ப, ட, ம. அடுத்த வரி... ர, ய, ந, க."

திரைக்கு உள்ளே யாரோ படிக்க, வெளியே பெஞ்சில் இருந்த நெசவாளி பஞ்சாட்சரம் கூடவே முணுமுணுத்துக்கொண்டார். இதோடு ஐந்தாவது ஆள். எல்லாருக்கும் ஒரே அட்டை. ஒரு தரம் காதில் விழுந்தால் புடவைப் புட்டா கணக்கையே மறக்காதவர் அவர். ஏழு எழுத்து எம்மாத்திரம்?

பக்கத்தில் முதலாளி ஆனந்தராஜ். போன மாதம் ஒரு முகூர்த்தப் புடவையில் ஜரிகை இழை விட்டுப்போய், கல்யாண வீட்டார் கடைக்கே வந்து சத்தம் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து, நாற்பத்தைந்து தாண்டிய நெசவாளிக்குத் தறியில் ஏற்றப் பாவு நூல் தருவதற்கு முன் கண் டெஸ்ட். ஊருக்குப் புதிதாக வந்த டாக்டர் அபிநயாவிடம்.

"தப்பா நினைக்காதபா. கண்ணாடி கிண்ணாடின்னு டாக்டர் சொல்லிட்டா இந்தத் தடவை முகூர்த்தப் புடவை இளவட்டம் முத்துக்குமாருக்குத்தான். உனக்கு இனிமே சாதாப் புடவை."

"எனக்கு இன்னா மொதலாளி, கழுகுக் கண்ணு!"

கழுகுக்கு ஆறு மாதமாக ஜரிகை இரண்டிரண்டாகத் தெரிகிறது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனார். டாக்டர் சுவரோரம் என்னவோ செய்துவிட்டுத் திரும்பினாள். சின்னப் பெண்.

"படிங்க ஐயா."

சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம். அதில் எறும்பு ஊர்கிற மாதிரி ஏதோ.

"ப, ட, ம. அடுத்த வரி ர, ய, ந, க!" முதலாளி காதில் விழட்டும் என்று கணீரென்றே சொன்னார்.

"போதும் ஐயா."

அவ்வளவுதான். டார்ச் அடிக்கவில்லை, சொட்டு மருந்து விடவில்லை. ஒரு சீட்டில் நாலு வரி எழுதி, மடித்து, அவர் சட்டைப் பையில் வைத்தாள். "வீட்டுல போய்ப் பாருங்க."

வெளியே முதலாளி எழுந்து நின்றார். "எப்படிம்மா இருக்குது?"

"ஒரு எழுத்துகூட விடலை சார்."

மத்தியானமே பாவு வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனாலும் பஞ்சாட்சரத்துக்கு மனசு ஆறவில்லை.

"இன்னா டாக்டர் அது? ரெண்டு மணி நேரம் ஒக்காந்துக்கினு இருந்தேன். ரெண்டு நிமிசத்துல தொரத்தி உட்டுட்சி. பழைய டாக்டரா இருந்தா கண்ண உருட்டி உருட்டிப் பார்ப்பாரு!"

மனைவி மங்கையர்க்கரசி ஊடை நூலைச் சுற்றியபடியே சிரித்தாள். "அதான் பாஸாயிட்டீங்களே. அப்புறம் இன்னா கோவம்?"

"நான் பாஸாயிட்டேன்மா. நெசமாவே கண்ணு கெட்டவன் ஒருத்தன் போனா இன்னா ஆவறது? ஏமாத்திட்டு வந்துட மாட்டான்? வேலையில ஒரு அக்கறை வேணாம்? தெருவுல யாரும் அங்க போவ வேணாம்னு சொல்லிடு."

"சரி, அந்தச் சீட்டுல இன்னாதான் எழுதியிருக்குது?"

எடுத்தார். கிட்டே வைத்துப் பார்த்தார். கையை நீட்டிப் பார்த்தார். வாசல் வெளிச்சத்துக்குப் போய்ப் பார்த்தார்.

"டாக்டருங்க கையெழுத்து ஒரு எழவும் புரியாது" என்று அவளிடம் நீட்டினார்.

"முத்து முத்தாத்தான இருக்குது" என்று அவள் படித்தாள்.

"ஐயா, திரைக்கு வெளியே பேசறது உள்ளேயும் கேட்கும். உங்க முதலாளி சொன்னதும் கேட்டது, நீங்க மனப்பாடம் பண்ணதும் கேட்டது. நாளைக்குத் தனியா வாங்க, பொறுமையாப் பார்க்கலாம். அதுவரைக்கும் தறியில உட்காராதீங்க. முதலாளிக்கு எதுவும் தெரிய வேண்டாம்."

மங்கையர்க்கரசி நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கடைசி வரியைப் படித்தாள்.

"பி.கு.: உங்களுக்கு மட்டும் நான் மாட்டினது எண் அட்டை."