குடும்ப அங்கத்தவர்கள்

கணினித் திரையில் அம்புக்குறி தானாக நகரத் தொடங்கியதும் இன்ஷிரா மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

“நீங்க ஒண்டும் செய்ய வேணாம். நான் இங்கயிருந்தே பாத்துக்கொள்றன்” என்றான் ஸப்வான், மேசைமேல் கிடந்த தொலைபேசியில்.

அவளுடைய நானா, கூடப் பிறந்த அண்ணன். முன்பெல்லாம் அவளை ‘நீ’ என்றுதான் சொல்வான்.

வீட்டுக் கணக்கு எழுதும் மென்பொருள் மிகப் பழசாகிவிட்டது. புதிய பதிப்புக்கு மாற்றாவிட்டால் வாப்பா காலத்தில் எழுதியது எதுவும் இனித் திறக்காது என்று றக்வான டவுன் கம்பியூட்டர் கடைக்காரர் சொல்லிவிட்டார். அதன் கடவுச்சொல் நானாவுக்கு மட்டும்தான் தெரியும்.

நெடுநேரம் யோசித்துவிட்டுத்தான் அவனை அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். இணையத்தின் வழியே தன் மடிக்கணினியிலிருந்து இதை இயக்கலாம் என்றான்.

கடவுச்சொல்லின் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. யோசிக்காமல் அடித்தான்.

பழைய பதிப்பின் சாம்பல் நிறத் திரை விரிந்தது. இடப்பக்கம் செலவுத் தலைப்புகள். மீன். கரண்ட். பெருநாள் உடுப்பு. அவற்றுக்குக் கீழே, ‘சும்மா’.

இன்ஷிராவுக்குச் சிரிப்பு வந்தது.

‘சும்மா’ வாப்பா வைத்த தலைப்பு. ஐஸ் பழம், நானா அடம்பிடித்து வாங்கிய கிரிக்கெட் மட்டை, கடல் பார்க்கப் போன பயணம் எல்லாம் அதில்தான் போகும். உம்மாவின் கண்ணாடி வளையலையும் அதிலேயே எழுதச் சொன்னதற்கு, உம்மா அன்று முழுக்க வாப்பாவோடு பேசவில்லை.

புடவைக் கடையைப் பூட்டிவிட்டு வந்து வாப்பா ஒவ்வொன்றாகச் சொல்லுவார். நானாவும் அவளும் ஒரே கதிரையில் உட்காருவார்கள், ஆளுக்குப் பாதி. நானா தட்டுவான். எண்டர் பட்டனை மட்டும் அவளுக்கு விட்டுக்கொடுப்பான்.

“அந்த மட்டைய மழைக்குள்ள விட்டு நாசமாக்கினது நீங்கதான்” என்றான் நானா. அவனும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

நீலக் கோடு மெல்ல ஊர்ந்து முடிந்தது. புதிய பதிப்பு பளிச்சென்று திறந்து, ஒரு கேள்வியோடு நின்றது.

‘குடும்ப அங்கத்தவர்கள். இப்போது வீட்டில் இல்லாதவர்களை நீக்கலாம்.’

அதன் கீழே நான்கு பெயர்கள். வாப்பா. உம்மா. ஸப்வான். இன்ஷிரா. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு சின்னப் பெருக்கல் குறி.

வாப்பாவும் உம்மாவும் மௌத்தாகிவிட்டார்கள்; இனி வரப்போவதில்லை. ஆனாலும் அம்புக்குறி அவர்கள் பக்கம் போகவில்லை. மூன்றாவது பெயரின் ஓரத்தில் போய் நின்றது.

“இத எடுத்துடவா?” என்றான் நானா.

ஆனால் அவன் அழுத்தவில்லை. அவன் மூச்சுவிடுவது மட்டும் தொலைபேசியில் கேட்டது.

இன்ஷிரா மவுஸைப் பிடித்தாள்.

அவன் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் இழுக்க, அம்புக்குறி நடுங்கியது.

“என்ன செய்ற நீ?”

“அது ஈக்கட்டும், நானா.”

அவன் கையை எடுத்திருக்க வேண்டும். அம்புக்குறி சட்டென்று அவளுக்கு இலகுவானது. நான்கு பெயர்களையும் அப்படியே விட்டு, ‘சேமி’ என்பதை அழுத்தினாள்.



அப்போது தொலைபேசிக்குள் ஒரு பஸ் நீளமாக ஹோர்ன் அடித்தது. சற்று நேரத்தில் அதே பஸ், அதே ஹோர்னோடு, அவளுடைய வாசலைக் கடந்து மேட்டில் ஏறியது.

கீழ் வளைவில்தான் நானாவின் வீடு.

வாப்பா மௌத்தான பிறகு அவருக்காகக் கத்தம் ஓதி முடித்த அன்று, இந்த வீடு யாருக்கு என்று எழுந்த பேச்சில் கோபித்துக்கொண்டு படியிறங்கியவன். அதன்பிறகு பெருநாளுக்குக்கூட வரவில்லை. கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

இன்ஷிரா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள்.

“நானா, மழை தூறுது. குடையோட வாங்க.”

மறுமுனையில் ஒரு கதிரை நகர்ந்தது. பிறகு, நானா தன் மனைவியிடம் கேட்பது கேட்டது.

“றிஸ்மியா, குடை எங்க ஈக்கு?”