பழம் தின்னலாம்

“காட்டைச் சுத்திக் காட்டுறதெல்லாம் ஒரு வேலையா தம்பி?”

வேன் மஞ்சக்குப்பத்தைத் தாண்டுறதுக்குள்ளயே அந்தோணிசாமி ஆரம்பிச்சுட்டார். கணக்கு வாத்தியாரா இருந்து ரிடையர் ஆனவர். டவுன்லயே பொறந்து வளர்ந்தவர். எதிர்ல யார் உக்காந்தாலும் அவருக்கு ஸ்டூடண்ட்தான்.

வண்டி ஓட்டிட்டிருந்த அன்புமணி சிரிச்சான். “வேலைதான் மாமா. ஞாயித்துக்கிழமைன்னா வேன்ல எடம் இருக்காது.”

“மாமாவெல்லாம் அப்புறம். இப்போதைக்கு சார்னே கூப்பிடு.”

பின்சீட்டுல இருந்த அன்புமணியோட அக்கா ஜெயராணி, ‘சரிங்க சார்’னு முந்திக்கிட்டுச் சொன்னா. பக்கத்துல அந்தோணிசாமி பொண்ணு ஜான்சி, ஜன்னலைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கிட்டா.

எல்லாம் அவளால வந்ததுதான். போன மாசம் ஆபீஸ்காரங்களோட இதே வேன்ல பிச்சாவரம் போய்ட்டு வந்தவ, கட்டினா இவரைத்தான் கட்டுவேன்னுட்டா. ‘ஆளு எப்படின்னு ஒருநாள் கூடப் போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்’னு அப்பா கெளம்பிட்டார். அவர் சரின்னா ஈஸ்டர் முடிஞ்சதும் நிச்சயம். இல்லைன்னா இல்ல.

அன்புமணி பிளானைச் சொன்னான். மொதல்ல கடலோரமா சவுக்குத்தோப்பு ரோடு. வெயில் ஏறுறதுக்குள்ள குறிஞ்சிப்பாடி பக்கம் முந்திரிக் காட்டுல நடை. மத்தியானம் பிச்சாவரத்துல சாப்பாடு, அப்புறம் படகு.

“முந்திரிக் காட்டுல நடக்க யாரு பர்மிஷன் குடுத்தா?”

“தோப்பைப் பார்த்துக்குற கலைமணியக்கா சார். ஒரே கண்டிஷன்தான். பழம் எவ்ளோ வேணா தின்னலாம். கொட்டையைத் திருகி மரத்தடியிலயே போட்டுடணும். கொட்டையை வித்துத்தான் அவுங்களுக்கு வருமானம்.”

“ரொம்ப சரி. ஒரு கொட்டை எடுத்தாலும் திருட்டு திருட்டுதான். என் சர்வீஸ்ல பென்சில் எடுத்தவனைக்கூட விட்டதில்ல. அப்படிப்பட்டவனுக்குப் பொண்ணும் குடுக்க மாட்டேன்.”

சொல்லிட்டு அவரே சிரிச்சார். வேற யாரும் சிரிக்கல.

தோப்புக்குள்ள நொழைஞ்சதும் அவருக்கே பேச்சு குறைஞ்சுபோச்சு. நல்ல நெழல். மஞ்சளும் செவப்புமா கிளைக்குக் கிளை பழம். சட்டையெல்லாம் சாறு வழியத் தின்னார். ஜான்சியும் ஜெயராணியும் போட்டோ எடுத்துக்கிட்டாங்க.

நடுவுல போன் வந்துச்சுன்னு அந்தோணிசாமி தனியா ஒதுங்கினார். அவரைக் கூப்பிடப் போன அன்புமணி பாதியிலயே திரும்பி வந்தான். “பேசிட்டிருக்கார்”னான்.

கெளம்புற நேரத்துல கலைமணி வந்தா. ஒரு மரத்தடியில குனிஞ்சவ அப்படியே நிமிர்ந்தா.

“பழம் தின்னு போட்டது கெடக்கு. கொட்டை எங்க?”

ஒவ்வொருத்தர் மூஞ்சியா பார்த்தா.

“நம்பித்தான உள்ள விட்டேன்? தோப்புக்காரருக்கு நான்தான பதில் சொல்லணும்? எடுத்தது யாருன்னு தெரியாம வண்டி நகராது.”

“நாங்கெல்லாம் கௌரவமான குடும்பம்மா!” அந்தோணிசாமி குரலை ஒசத்தினார். “எங்களைக் கேக்காத. இங்க எப்பவும் வந்து போறவனைக் கேளு.”

அன்புமணி அவரை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் கலைமணி பக்கம் திரும்பினான்.

“நான்தான்க்கா. சும்மா கடிச்சுப் பார்த்துத் துப்பிட்டேன்.”

“நீயா? அடப்பாவி, கண்டிஷன் போட்டதே உங்கிட்டதான? பச்சைக் கொட்டையை எவனாவது கடிப்பானா? அந்தப் பால் பட்டு உதடு வெந்து வீங்குறப்போ என்னை நெனைச்சுக்க. இனிமே ஆளுங்களக் கூட்டிக்கினு இந்தப் பக்கம் வராத!”

வண்டியில ஏறினதும் அந்தோணிசாமி ஜெயராணிகிட்ட சொன்னார். “நல்லவேளை, இன்னிக்கே தெரிஞ்சுது. இந்தப் பேச்சை இதோட விட்டுடலாம்மா. படகும் வேணாம். சாப்பிட்டுட்டு நேரா வீடு.”

“ஏன்டா தம்பி இப்படிப் பண்ண?” ஜெயராணி அழுதே விட்டா.

அன்புமணி ரோட்டைப் பார்த்து ஓட்டினான். கல்யாணமும் போச்சு, தோப்பும் போச்சு. ஜான்சி அவனையே பார்த்துக்கிட்டு வந்தா.

பிச்சாவரத்துல ஓட்டல்காரர் எலை போட்டு, மீன் குழம்பு வாளியைக் கொண்டுவந்து வெச்சார். ஜான்சி அதை வாங்கி அன்புமணி சோத்துல நெறைய ஊத்தினா.

“எனக்குப் பசியில்ல,” அவன் முனகினான்.

“சாப்பிடுங்க.”

அவ நின்ன நெலையைப் பார்த்துட்டு ஒரு வாய் சாப்பிட்டான். இன்னொரு வாய். உதட்டுல ஒட்டின குழம்பை நாக்கால நக்கிக்கிட்டான். ஒண்ணும் ஆகல.

“ஆ... ஐயோ!”

அந்தோணிசாமி சோத்தைத் தட்டிவிட்டுத் தண்ணிக்குப் பறந்தார். “என்ன காரம் இது! ரொம்ப ஜாஸ்தி! மனுஷன் திங்கிறதா?”

“காரமே இல்லியே சார்,” ஜெயராணி புரியாம சொன்னா.

அவர் கர்ச்சீப்பால வாயைப் பொத்திக்கிட்டார். ஜான்சி கிட்ட வந்து அந்தக் கர்ச்சீப்பை மெதுவா எடுத்தா. மேலுதடு செவந்து, தடிச்சுப்போய்க் கெடந்துச்சு. ஜெயராணி தன் தம்பியைத் திரும்பிப் பார்த்தா. அவன் எலையை விட்டுத் தலையைத் தூக்கல.

ஜான்சி உள்ள போய் ஒரு கிண்ணத்துல தேங்காய் எண்ணெய் வாங்கிட்டு வந்தா. அப்பா எலைக்குப் பக்கத்துல வெச்சா.

“தடவிக்குங்கப்பா. திரும்புறப்போ குறிஞ்சிப்பாடி வழியாவே போவோம், அந்த அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. உதடு, நிச்சயத்துக்குள்ள ஆறிடும்.”